ஐந்து முப்பத்தொன்று

திருப்பூர்
2.6.2025

வேல்விழிக்கு,

உன் எண்ணை எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. நீ என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. நான் எதிலும் மெதுவாகத்தான் புரிந்துகொள்வேன், உனக்குத் தெரியாததா. அதனால்தான் தபால். கம்பெனி ஃபைலில் இருந்த உன் அம்மாவின் ஆதார் நகலைப் பார்த்து ஊர் முகவரியை எழுதியிருக்கிறேன். உசிலம்பட்டிக்கு எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று கேட்டதற்கு போஸ்ட் ஆபீஸ் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இத்துடன் உன் புத்தகம் வருகிறது. வங்கித் தேர்வுக்கு நீ வாங்கிய மஞ்சள் அட்டைப் புத்தகம். செக்கிங் டேபிளுக்கு அடியில் துணி பண்டல்களுக்கு நடுவே கிடந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறாய், பனியனில் ஓட்டை இருந்தால் ஒட்டுவீர்களே அதே ஸ்டிக்கர். மதியம் சாப்பிட்டு முடித்ததும் அந்த டேபிளில்தான் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து வாக்கியத்தில் பிழை தேடுவோம். முதலாளி மகள் செக்கிங் பிள்ளையிடம் டியூஷன் படிக்கிறாள் என்று அயர்ன் மாஸ்டர்கூட கிண்டல் செய்வார். ஆங்கிலத்தில் காலம் என்றாலே எனக்கு நடுக்கம். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வில் அந்தக் கேள்விகள்தான் என்னை இரண்டு முறை கவிழ்த்தன. "வினைச்சொல்லை முதல்ல பாக்காத. நேரத்தைச் சொல்ற வார்த்தையைத் தேடு. எது முன்னாடி முடிஞ்சது, எது அப்ப நடந்துக்கிட்டிருந்துச்சுன்னு வரிசையா அடுக்கு. பெறகு வினைக்கு வா" என்று சொல்லிச் சொல்லியே என் மண்டையில் ஏற்றினாய்.

மாரியண்ணன் போய் இன்றோடு எண்பது நாள். அண்ணனோடு விழுந்த அந்தச் சரக்கு லிஃப்டைக் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் தகரம் அடித்திருக்கிறது. மூன்றாம் மாடியிலிருந்து அட்டைப்பெட்டிகளை இப்போது ஆட்கள் தோளில் வைத்து இறக்குகிறார்கள். அந்தத் தகரத்தைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ் அறைக்குப் போகிறேன்.

நீயும் அம்மாவும் ஊருக்குக் கிளம்பியபோது பஸ் ஏற்றிவிட நான் வரவில்லை. அப்பா வேண்டாம் என்றார், நானும் சரி என்று இருந்துவிட்டேன். அதற்காக என்னை மன்னித்துக்கொள். திட்டியாவது ஒரு வரி எழுது.

தேஜஸ்ரீ

உசிலம்பட்டி
11.6.2025

மதிப்பிற்குரிய தேஜஸ்ரீ மேடம் அவர்களுக்கு,

புத்தகம் கிடைத்தது. நன்றி.

பஸ் ஏற்றிவிட வராததற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். அதற்காகவா உங்கள் எண்ணைத் தடுத்தேன்? எதற்குக் கேட்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு எதற்கோ கேட்கிறீர்கள்.

தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்தில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கியபோது ஒரு நகல் கொடுத்தார்கள். விபத்தைப் பற்றி, பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு உங்கள் கம்பெனி ஆங்கிலத்தில் அனுப்பிய விளக்கக் கடிதம். கையெழுத்து உங்கள் அப்பா லிங்கசாமி அவர்களுடையது. எழுதியது நீங்கள். உங்கள் ஆங்கிலம் எனக்குத் தெரியாதா? நான் துவைத்து அலசிக் கொடுத்த ஆங்கிலம் அது.

நான்காவது வரியைச் சொல்கிறேன். லிஃப்ட் விழுவதற்கு முன்பே அந்தத் தொழிலாளி வேலை முடிந்து வெளியேறியிருந்தார், மறந்துபோன சாப்பாட்டு டப்பாவை எடுக்க அனுமதியில்லாமல் திரும்பி வந்து லிஃப்டில் ஏறியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடந்த காலத்தில் இரண்டு செயல் வந்தால் முந்தியதற்கு 'ஹேட்' போட வேண்டும். போட்டிருக்கிறீர்கள். 'ஹேட் லெஃப்ட்.' தேர்வில் இந்த வாக்கியம் வந்தால் 'பிழை இல்லை' என்ற ஐந்தாவது வட்டத்தைத்தான் நானும் நிரப்புவேன். இலக்கணம் அவ்வளவு சுத்தம். மார்ச் மாதம் வரைக்கும், காலம் சரியாக இருந்தால் வாக்கியமும் சரியாகத்தான் இருக்கும் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் மாரிச்செல்வம் டப்பா எடுக்கத் திரும்பி வரவில்லை. டப்பா அப்போது எங்கள் வீட்டில் இருந்தது. ஆறு மணிக்கே அம்மா அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

உங்கள் டப்பாக் கதை இங்கே எப்படி வந்து சேர்ந்திருக்கிறது தெரியுமா? டப்பா எடுக்கவா போனான், பனியன் எடுக்கப் போனான் என்கிறார்கள். செத்தவனைத் திருடன் ஆக்கிவிட்டார்கள். அம்மா குழாயடிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

நகலில் நான்காவது வரியில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பழுதான பீஸை ஆல்ட்டருக்குத் திருப்பி அனுப்புவது செக்கிங்காரியின் வேலை. சரிசெய்து தருவது உங்கள் வேலை.

இப்படிக்கு,
வேல்விழி

திருப்பூர்
20.6.2025

வேல்விழி,

ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் என்னை மேடம் என்று எழுதியிருக்கிறாய். நீ என்னை அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன். மறுக்கவில்லை. எப்படி எழுதினேன் என்பதையும் கேள். மார்ச் பதினைந்து காலை. பையர் ஆபீஸிலிருந்து மெயிலுக்கு மேல் மெயில் வருகிறது. அப்பா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே வந்தவர், சட்டைகூட மாற்றவில்லை. அந்தச் சட்டையில் என்ன இருந்தது என்று உனக்கு எழுத மாட்டேன். "கார்டுல என்ன இருக்குதோ அதை எழுது சாமி. நம்மளா ஒண்ணும் கூட்டிப் போட வேண்டாம்" என்றார். கார்டு மெஷினில் மாரியண்ணன் பெயருக்கு நேரே வெளியே போன நேரம் 5.31 என்று இருந்தது. லிஃப்ட் விழுந்தது ஏழு மணிக்கு. டப்பா எடுக்க வந்திருப்பான் என்று சூப்பர்வைசர்தான் சொன்னார். வேலையில் இருந்திருந்தால் கழுத்தில் கார்டு தொங்கியிருக்குமே, கார்டையும் காணோமே என்றார். மெஷினில் இருந்ததை எழுதினேன்.

டப்பா வீட்டில் இருந்தது என்கிறாய். அது எப்படி வீட்டுக்கு வந்தது? அண்ணனே கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பப் போயிருக்கலாமே என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாய்? உன்னோடு வழக்காட இதைக் கேட்கவில்லை. அவர்கள் கேட்பார்கள்.

இன்னொரு விஷயம். ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி பையரின் அதிகாரி ஒருவர் பெங்களூரிலிருந்து நேரில் வருகிறார். அன்றோடு இந்த ஃபைலை மூடிவிடுவார்களாம். அதற்குப் பிறகு யார் நினைத்தாலும் ஒரு எழுத்தை மாற்ற முடியாது. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

தேஜஸ்ரீ

உசிலம்பட்டி
5.7.2025

மேடம்,

கார்டைக் கேட்டீர்கள். மெஷினைக் கேட்டீர்கள். மாடி ஏறி வந்து ஆட்களைக் கேட்கவில்லை.

உங்களுக்குத் தெரியாதது போல நான் ஒருமுறை விளக்குகிறேன். எங்கள் ஆட்களை ஒரு நாளைக்கு ஒரு ஷிப்ட்டுக்கு மேல் வேலை வாங்குவதில்லை என்று நம் கம்பெனி பையருக்குக் காட்ட வேண்டும். அதனால் காலை எட்டரைக்கு உள்ளே வந்த ஆள் ஐந்தரைக்கு வெளியே போய்விட்டதாக மெஷினில் பதிய வேண்டும். ஷிப்மென்ட் நாளில் அதற்குப் பிறகு எட்டரை வரைக்கும் அரை ஷிப்ட் ஓடும். அது எதிலும் பதியாது. ஐந்தரை ஆனால் சூப்பர்வைசர் "கார்டு அடிச்சாச்சா, கார்டு அடிச்சாச்சா" என்று கத்திக்கொண்டே லைன் லைனாக வருவார். கார்டு வெளியே போகும், ஆள் உள்ளே இருப்பான். நம் கம்பெனியில் ஒரு வாரம் வேலை பார்த்தவர்களுக்குக்கூட இது தெரியும்.

ஷிப்மென்ட் நாளில் ஆறு மணிக்கு டீயும் போண்டாவும் உங்கள் ஆபீஸ் அறையிலிருந்துதான் மேலே வரும். தலை எண்ணி ஆர்டர் கொடுப்பது நீங்கள். மார்ச் பதினான்காம் தேதி எத்தனை போண்டா சொன்னீர்கள்? அதில் ஒன்றை என் அண்ணன் தின்றிருக்கிறான். வெளியே போனவனுக்கா போண்டா அனுப்பினீர்கள்?

டப்பா எப்படி வீட்டுக்கு வந்தது என்று கேட்கிறீர்கள். வந்தது. அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

நேற்று ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, "ஏ ஒச்சாயி, கம்பெனிப் பனியன் மிச்சம் கிடந்தா எம்மகனுக்கு ஒண்ணு குடேன்" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தாளாம். அம்மா வெறும் பையோடு திரும்பி வந்துவிட்டாள். அதிலிருந்து சோற்றைப் போட்டு முன்னால் வைத்தால் கையைக்கூட நனைக்கவில்லை.

எனக்கு உங்களிடமிருந்து வேறு எதுவும் வேண்டாம். ஒரே ஒரு வாக்கியம் வேண்டும். லிஃப்ட் விழுந்தபோது அவன் வேலை செய்துகொண்டிருந்தான். 'வாஸ் ஒர்க்கிங்.' ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதும். பதினெட்டாம் தேதிக்குள் எழுதுங்கள்.

வேல்விழி

திருப்பூர்
22.7.2025

வேல்விழி,

நாற்பத்திரண்டு. அன்றைக்கு நாற்பத்திரண்டு போண்டா. நீ கேட்ட நாளிலிருந்து அந்த எண் என்னை விடவில்லை. அப்பாவிடம் போனேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை, நானாகக் கேட்பது போலக் கேட்டேன். கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "அவனைத் தூக்கிட்டு ஓடுனவன் நாந்தான் கண்ணு. கார்ல எம்மடியிலதான் கிடந்தான். எனக்கு மட்டும் நெஞ்சு கல்லா? ஆனா அந்த ஒத்தை வரியை மாத்துனா ஆர்டர் போயிரும். முந்நூறு ஊட்டுல அடுப்பு எரியோணும். போனவனுக்கு இனி நாம என்னத்தைச் செய்ய முடியும், சொல்லு சாமி" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

என்னால் முடியாது, விழி. நான் கோழை. நீ காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்கிறேன். அதோடு இதைக் கிளறினால் யார் யார் பெயர் வெளியே வரும் என்று நீ யோசிக்கவில்லை. உன் நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், விட்டுவிடு. அக்டோபரில் உனக்குப் பரீட்சை இருக்கிறது. உட்கார்ந்து படி. வேறு புத்தகம் வேண்டுமென்றால் சொல், வாங்கி அனுப்புகிறேன்.

தேஜஸ்ரீ

உசிலம்பட்டி
31.7.2025

தேஜஸ்ரீ,

'உன் நல்லதுக்கும் சேர்த்து' என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை இருபது தடவை படித்துவிட்டேன். உனக்குத் தெரிந்துதான் எழுதினாயா என்று எனக்குச் சந்தேகம். தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி, இனி என்னால் அடக்கி வைக்க முடியாது. நேரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று உனக்குச் சொன்னவள் நான். நானே பார்க்கிறேன்.

ஐந்து இருபது. எனக்கு அன்று காலையிலிருந்தே தலைவலி. அரை ஷிப்ட் வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு பேக்கிங் பக்கம் போனேன். அண்ணன் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். காலி டப்பாவை என்னிடம் கொடுத்தான். கழுத்திலிருந்து கார்டைக் கழற்றி அதையும் கொடுத்தான். "விழி, இதையும் அடிச்சிட்டுப் போயிரு. நான் இப்பக் கீழ எறங்குனா கண்டெய்னர்க்காரன் கத்துவான்" என்றான். தினமும் நடப்பதுதான். போகிறவர்கள் இருக்கிறவர்களின் கார்டையும் சேர்த்து அடித்துவிட்டுப் போவார்கள். தலைவலின்னா தைலத்தைத் தேய்ச்சிட்டுப் படு, நான் வந்து சோறு போட்டுக்கிறேன் என்றும் சொன்னான்.

ஐந்து முப்பத்தொன்று. கேட்டில் என் கார்டை அடித்தேன். அடுத்து அவன் கார்டை அடித்தேன். வீட்டுக்கு வந்ததும் கொடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஏழு மணி. நான் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அவன் கழுத்தில் கார்டு ஏன் இல்லை என்று இப்போது தெரிகிறதா? நீ கடிதத்தில் எழுதி அவனை வெளியே அனுப்பியது மறுநாள். அதற்கு முன்னாலேயே என் கையால் நான் அனுப்பிவிட்டேன். மார்ச்சிலேயே வாயைத் திறந்திருந்தால் உன் கடிதம் நின்றிருக்காது. திறக்கவில்லை. என் பிள்ளையைத் திருடன் என்று சொல்ல வைத்தது நீயா என்று அம்மா கேட்டுவிடுவாளோ என்று பயம். உன்மேல் இவ்வளவு கோபப்பட்டேனே, அதுவும் இதற்காகத்தான். உன்னைத் திட்டிக்கொண்டிருந்தால் இதை நினைக்க வேண்டியதில்லை.

கார்டை இத்தனை நாளும் சர்டிபிகேட் ஃபைலுக்குள் அம்மாவுக்குத் தெரியாமல் வைத்திருந்தேன். கயிற்றில் அவன் வியர்வை வாடை இன்னும் இருக்கிறது. பதிவுத் தபாலில் இத்துடன் அனுப்புகிறேன். போட்டோவில் அவன் சிரிக்கிறான், கம்பெனி போட்டோவுக்கு எவனாவது சிரிப்பானா என்று நாம் கேலி செய்தோமே. வைத்துக்கொண்டு என்ன செய்வாயோ செய்.

வேல்விழி

திருப்பூர்
6.8.2025

விழி,

எனக்குத் தெரியும். மார்ச் பதினைந்து காலையிலேயே தெரியும்.

மெஷினில் நேரம் நொடியோடு வரும். உன் பெயருக்கு நேரே 5.31.04. அண்ணன் பெயருக்கு நேரே 5.31.06. ஒருவர் போனபின் ஒருவர்தான் போக முடிகிற கேட் அது. இரண்டு நொடியில் இரண்டு பேர் தாண்ட முடியாது. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவிடம்கூட சொல்லவில்லை. இதைச் சொன்னால் விழியை எல்லோரும் கேள்வி கேட்பார்கள், அவளைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து மாதமாக அந்த நினைப்பில்தான் எனக்குச் சோறு இறங்கியது. சுத்தப் பொய். நான் காப்பாற்றியது அப்பாவை. அதற்கப்புறம் என்னை. ஒளிந்துகொள்ள உன் பெயர் எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுதும்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நேற்று மெஷின் பதிவை முழுவதும் எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு ஐந்தரைக்கும் ஐந்து முப்பத்தெட்டுக்கும் நடுவில் இப்படி ஒரே கையால் அடுத்தடுத்து அடித்த கார்டுகளுக்குப் பக்கத்தில் கோடு போட்டு எண்ணினேன். நாற்பத்திரண்டு. போண்டாவும் நாற்பத்திரண்டு. ஒவ்வொருவருக்கும் யாரோ ஒருவர் அடித்திருக்கிறார்கள், தங்கச்சியோ, புருஷனோ, பக்கத்து மெஷின் பெண்ணோ. நாற்பத்தொரு பேர் அன்று இரவு வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் அடித்தவர்கள் யாருக்கும் அது ஞாபகம்கூட இல்லை. உனக்கு மட்டும் அது பாவமாகிவிட்டது.

புது விளக்கம் எழுதிவிட்டேன். நீ சொன்ன மாதிரியே நேரத்தை அடுக்கி, பிறகுதான் வினைக்கு வந்தேன். மெஷின் பதிவையும் போண்டாக் கடைச் சீட்டையும் வைக்கிறேன். ஆனால் கார்டை அடித்தது யார் என்று எழுதாமல் அது நிற்காது. உன் பெயரை எழுதலாமா? எழுதினால் எப்படியும் உன் அம்மா காதுக்கு வரும். வேறு யாரும் சொல்வதற்கு முன் நீயே சொல்லிவிடு. நீ வேண்டாம் என்றால் எழுத மாட்டேன், சத்தியமாக.

தேஜு

உசிலம்பட்டி
12.8.2025

தேஜு,

எழுது. இன்ஷியலோடு முழுப்பெயராக எழுது. அவனுடைய தங்கை என்றும் எழுது.

அம்மாவிடம் மூன்று தடவை ஆரம்பித்தேன். ஒரு தடவை அரிசி களைந்துகொண்டிருந்தாள், ஒரு தடவை துணி மடித்துக்கொண்டிருந்தாள், ஒரு தடவை சும்மாதான் இருந்தாள். மூன்று தடவையும் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டதைச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

தெரிந்தே எழுதினாய் என்பது எனக்கு வலிக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைப் பற்றி இப்போது எழுத எனக்குத் தெம்பில்லை. பதினெட்டாம் தேதி நீ பின்வாங்கிவிடாதே.

விழி

திருப்பூர்
21.8.2025

விழி,

கொடுத்துவிட்டேன்.

அதிகாரி புது விளக்கத்தைப் படித்தார். கார்டைக் கையில் வாங்கிப் போட்டோவை வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, உங்கள் மகள் எழுதியிருப்பது உண்மையா என்று கேட்டார். நான் அப்பாவிடம் முன்கூட்டி எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அவர் தடுத்துவிடுவார், நான் நின்றுவிடுவேன் என்று பயந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியே அந்தத் தகரத்தைப் பார்த்தார். அப்புறம், "ஆமாங்க" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்தாலும் தட்டைத்தான் பார்க்கிறார்.

பையர் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இரண்டு லைன் மெஷின் சும்மா நிற்கிறது. எழுபது பேரை வேறு கம்பெனி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கணக்கு முடித்துப் போகும்போது ஒரு அக்கா என்னிடம், "செத்தவனுக்கு நியாயம் வாங்கிக் குடுத்துட்டீங்க கண்ணு, நாங்க எங்க போறது" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் நிம்மதியாக இல்லை.

நகல் இத்துடன் இருக்கிறது. நான்காவது வரியைப் பார். பழுது இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பு.

தேஜு

உசிலம்பட்டி
3.9.2025

தேஜு,

நான்காவது வரியில் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. அது பாஸ்.

நகல் வந்த அன்று அம்மாவை உட்கார வைத்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். லிஃப்ட் விழுந்தபோது மாரிச்செல்வம் பேக்கிங் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தார், பெட்டிகளைக் கீழே இறக்கச் சொல்லி அவரை அனுப்பியது நிர்வாகம் என்று சொன்னேன். அம்மா முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். அடுத்த வரி, ஐந்து முப்பத்தொன்றுக்கு அவர் கார்டை அடித்தது அவருடைய தங்கை. அதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா முறத்தை விட்டு நிமிரவில்லை. "தெரியும்த்தா" என்றாள். "டப்பாவக் கொண்டாந்து குடுத்தது நீ. அப்ப கார்ட அடிச்சதும் நீயாத்தான இருக்கும். போன தீவாளிக்கு நான் வேலைய விட்டு நிக்கிற வரைக்கும் ஒனக்கும் அவனுக்கும் நாந்தான அடிச்சேன். உங்க ரெண்டு பேருக்கும் அதப் பழக்குனதே நாந்தான. அன்னைக்கு நான் வேலைக்கு வந்திருந்தா என் கையாலதான் அடிச்சிருப்பேன்." ஐந்து மாதமாக அவளும் இதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். நான் நொறுங்கிவிடுவேன் என்று கேட்காமலேயே இருந்திருக்கிறாள். அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். மார்ச்சில் அழாததையும் சேர்த்து அழுதேன்.

அழுது முடித்ததும் அம்மா ஒன்று கேட்டாள். "அப்ப அன்னைக்கு அவனுக்கு ஒன்றரை ஷிப்ட்டுன்னு எழுதிட்டாகளா?"

"ஏழு மணிக்கே முடிஞ்சுபோச்சேம்மா" என்றேன்.

"அவென் பாதியில எறங்கி வாரவனா? உசுரோட இருந்தா எட்டரை வரைக்கும் பாத்துட்டுத்தான் வந்திருப்பான். ஒன்றரைதேன்" என்றாள்.

உன் அப்பா சொன்ன அந்த ஒரு 'ஆமாங்க' எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். அவருக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்லாதே, அவருக்கு அது பிடிக்காது. வேலை போன எழுபது பேரையும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் கொஞ்ச நாளைக்குக் கூப்பிடாதே. குரல் கேட்டால் பையருக்கு நீ எழுதிய முதல் கடிதம்தான் நினைவுக்கு வரும். பரீட்சை முடியட்டும், நானே கூப்பிடுகிறேன்.

இன்று காலை அம்மா ரேஷன் கடைக்குக் கிளம்பினாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு. உன் கடிதத்தின் நகலை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறதே, வரிசையில் யாராவது கேட்டால் எப்படிம்மா படித்துக் காட்டுவாய் என்று கேட்டேன்.

"எண்ணத் தெரியாதா எனக்கு? நாலாவது வரின்னு தொட்டுக் காட்டுவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

விழி